வாரியம் கூடாத சாவு

டயாலிசிஸை நிறுத்துவதற்கு நம் நாட்டில் இரண்டு நடைமுறைகள் உண்டு.

முதலாவதை உச்ச நீதிமன்றம் வகுத்திருக்கிறது. 2018 மார்ச் 9 அன்று ஐந்து நீதிபதிகள் சேர்ந்து, கண்ணியமாகச் சாவதும் வாழ்வுரிமைக்குள் அடக்கம் என்று 'காமன் காஸ்' வழக்கில் தீர்ப்பெழுதினார்கள். நினைவு தப்பி, மீளும் வழியில்லாமல் கிடப்பவருக்கு ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தை நிறுத்த வேண்டுமானால், ஆஸ்பத்திரியில் ஒரு மருத்துவ வாரியம் கூட வேண்டும். அது சொன்னதைச் சரிபார்க்க இன்னொரு வாரியம். இரண்டிலும் இருபது வருஷம் அனுபவம் கண்ட நிபுணர்கள். கடைசியில் மாஜிஸ்திரேட் நேரில் வந்து பார்க்க வேண்டும். இந்தப் படியெல்லாம் ஏற மனுஷனால் ஆகாது என்று தீவிர சிகிச்சை மருத்துவர்களே போய் முறையிட்ட பிறகு, 2023 ஜனவரி 24 அன்று படிகளின் உயரத்தைக் குறைத்தார்கள். ஐந்து வருஷ அனுபவம் போதும், 48 மணி நேரத்துக்குள் சொல்லப் பாருங்கள், மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் கொடுத்தால் சரி. உயிர் விஷயத்தில் அவசரப்படக் கூடாதே என்கிற அக்கறை. நியாயம்தான்.

இரண்டாவது நடைமுறைக்குத் தீர்ப்பு நகல் கிடையாது. தமிழக-கேரள எல்லையில் உள்ள ஆனைகட்டியில் காலை முதல் பஸ்ஸை விட்டுவிட்டால் அது தானாகவே அமலுக்கு வந்துவிடும்.

நம் ஆளை அறிமுகப்படுத்துகிறேன். பெயர் வேண்டாம். அவர் ஒருவரல்ல, எல்லை ஊர்களில் எந்தத் திண்ணையிலும் உட்கார்ந்திருப்பவர். எல்லை ஓடையான கொடுங்கரைப்பள்ளத்துக்கு மேற்கே, கேரளத்து அட்டப்பாடி சோலையூர் பஞ்சாயத்தில் வீடு. பேச்சு தமிழ், ரேஷன் கார்டு மலையாளம். சர்க்கரையும் பிரஷரும் கூட்டுச் சேர்ந்து இரண்டு கிட்னியையும் தின்றுவிட்டன. "கிரியாட்டினின் ஏறிப்போச்சுங்க, மிஷின்ல போட்டே ஆகோணும்" என்று சொல்லிவிட்டார்கள். மிஷினோடு இணைக்கக் கையில் ரத்தக்குழாய்களைச் சேர்த்து ஃபிஸ்டுலா வைத்தாயிற்று. இளநீர் ஆகாது, வாழைப்பழம் ஆகாது, தண்ணீரை டம்ளரில் அளந்து குடிக்க வேண்டும். வாரத்துக்கு மூன்று தடவை, தடவைக்கு நான்கு மணி நேரம் என்பது மருத்துவப் புத்தகம் சொல்லும் கணக்கு. நம் ஊரில் நடைமுறைக் கணக்கு வாரத்துக்கு இரண்டு. அந்த மூன்றாவது தடவையைத் தள்ளுபடி செய்த வாரியம் எது, அதிலிருந்த நிபுணருக்கு எத்தனை வருஷ அனுபவம் என்று யாரும் கேட்டதில்லை.

கோவை முப்பது கிலோமீட்டர். சொந்த மாநிலத்தில்தான் பார்த்துக்கொள்வேன் என்று அவருக்கு ரோஷம் வந்தால், அகளி, முக்காலி தாண்டி, மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி மண்ணார்க்காடு போகலாம். அங்கே இடமில்லையென்றால் பெரிந்தல்மண்ணா, பாலக்காடு. டயாலிசிஸ் முடிந்து எழுந்தவருக்குப் பிரஷர் இறங்கும், தலை சுற்றும், கெண்டைக்காலில் தசை இழுக்கும். அந்த உடம்போடு மலை வளைவுகளில் திரும்பி ஏற வேண்டும். ரோஷமெல்லாம் கிட்னி நன்றாக இருப்பவர்களுக்கான சொகுசு. அவர் கோவைக்கே போகிறார்.

இப்போது ஆனைகட்டியின் சொந்த வாரியம் கூடுகிறது. தினமும் கூடுகிறது, கோரம் இல்லாமல் கலைந்ததே இல்லை. மாங்கரைக்கும் ஆனைகட்டிக்கும் நடுவே காட்டு ரோட்டில் குறுக்கே நிற்கும் யானை முதல் உறுப்பினர். அது நகரும்வரை பஸ் நகராது, பஸ் நகரும்வரை ரத்தத்தில் ஏறும் பொட்டாசியம் காத்திருக்காது. யானையைக் குற்றம் சொல்வதற்கில்லை, அது தன் வீட்டு வாசலில் நிற்கிறது. துணைக்கு வரும் மகனுடைய அன்றைய கூலி இரண்டாவது உறுப்பினர். வாரத்தில் இரண்டு நாள் வேலைக்கு வராதவனை எந்த மேஸ்திரி வைத்துக்கொள்வான்? தலைவர் மட்டும் கோவையில் இருக்கிறார், ஏதோ ஓர் ஆஸ்பத்திரியின் காப்பீட்டுக் கவுன்டரில், கண்ணாடிக்குப் பின்னால்.

"ஏனுங்ணா, இது கேரளா கார்டுங்களா?"

"ஆமாங்க."

"ஆயுஷ்மான்னா எல்லா ஊர்லயும் செல்லும்னுதான் போட்டிருக்குதுங்க. ஆனா சிஸ்டத்துல உங்க பேரு வரலீங்களே."

"பேருதானுங்களே வரல. ஆளு வந்துட்டனுங்களே."

ஆள் வந்தால் போதாது. 'நாளைக்கு வாங்க', 'வி.ஏ.ஓ. கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க', 'உங்க ஊர்ப் பக்கம் பாருங்களேன்.' மூன்றும் அன்பாகத்தான் சொல்லப்படும். கொங்குச் சீமையில் சாவுத் தீர்ப்பைக்கூட 'ங்க' போட்டுத்தான் படிப்பார்கள்.

இந்த எல்லையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள், வேடிக்கை இருக்கிறது. தமிழ்நாட்டில் 2003லிருந்து லாட்டரிக்குத் தடை. அதனால் தமிழ்நாட்டுக்காரர் பள்ளத்தைத் தாண்டிப் போய்க் கேரள லாட்டரிச் சீட்டு வாங்குகிறார். அட்டப்பாடி மதுவிலக்குப் பகுதி. அதனால் அட்டப்பாடிக்காரர் பள்ளத்தைத் தாண்டி வந்து டாஸ்மாக்கில் குடித்தார். ஆனைகட்டிக் கடையை மூடச் சொல்லி அட்டப்பாடிப் பழங்குடிப் பெண்கள் தெருவில் இறங்க வேண்டியிருந்தது. சீட்டு விற்றவர் ரேஷன் கார்டு கேட்கவில்லை. பாட்டில் கொடுத்தவர் இருப்பிடச் சான்று கேட்கவில்லை. இரண்டு கஜானாவும் காசு எந்த மாநிலத்துப் பையிலிருந்து வந்தது என்று முகர்ந்து பார்க்கவில்லை. மொழிவழி மாநிலங்கள் கடந்த பாரத ஒற்றுமையை நான் கண்ணாரக் கண்டது அந்த இரண்டு கடைகளில்தான். நோயாளி மட்டும்தான் அந்நியன்.

இன்னும் கேளுங்கள். கேரளத்து லாட்டரிகளில் ஒன்றுக்குப் பெயர் காருண்யா. நிதியமைச்சராக இருந்த கே.எம். மாணி 2011ல் கொண்டுவந்தது. கிட்னி, இதயம், புற்றுநோய் என்று பெரும் செலவு வைக்கும் நோய்களுக்கு உதவி செய்ய அதன் வருமானத்திலிருந்து நிதி. ஆக, கோவை வேலாண்டிபாளையத்தில் மூட்டை தூக்குகிற தமிழன் வாங்கித் தோற்ற சீட்டிலிருந்து கேரளத்துக் கிட்னி நோயாளிக்கு நிதி போயிருக்கிறது. அந்த நோயாளி சிகிச்சைக்கு அந்தத் தமிழனின் ஊருக்கு வந்தால், சிஸ்டத்தில் பெயர் இல்லை. ஓர் அரசாங்கம் தன் குடிமக்களின் ரத்தத்தைச் சுத்தம் செய்யச் சூதாட்டத்தை நம்பியிருக்க வேண்டுமா என்று கேட்டால் என்னைக் குறுகிய மனம் கொண்டவன் என்பார்கள். அதனால் கேட்கவில்லை.

திட்டக் கணக்கில் பார்த்தால் நம் ஆள் கோடீஸ்வரர். 2016 பட்ஜெட்டில் அருண் ஜேட்லி அறிவித்த தேசிய டயாலிசிஸ் திட்டம் அவருடையது, மாவட்ட ஆஸ்பத்திரிதோறும் டயாலிசிஸ். வருஷத்துக்கு ஐந்து லட்ச ரூபாய் வரை காப்பீடு தரும் ஆயுஷ்மான் பாரத் அவருடையது. அதன் கேரள அவதாரமான காருண்யா ஆரோக்கிய சுரக்ஷா பத்ததியும் அவருடையது. வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்து, மாதம் ஒரு டயாலிசிஸாவது செய்துகொண்டால், சமாஸ்வாசம் திட்டத்தில் மாதம் 1,100 ரூபாய். பள்ளத்துக்கு இந்தப் பக்கம் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வேறு, வயிற்று வழி டயாலிசிஸுக்கான திரவப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறது, எழுந்து நடக்க முடியாதவரை வீட்டில் வந்து பார்க்கிறது. நல்ல திட்டங்கள், கேலி செய்யவில்லை. இத்தனையும் சேர்ந்து நம் ஆளுக்குப் பஸ் டிக்கெட் எடுத்துக் கொடுக்கவில்லை என்பது மட்டும்தான் குறை.

இந்தியாவில் வருஷந்தோறும் 2.2 லட்சம் பேருக்குப் புதிதாகக் கிட்னி முற்றாகப் பழுதாகிறது, அவர்களுக்காக 3.4 கோடி டயாலிசிஸ் கூடுதலாகத் தேவைப்படுகிறது என்று மத்திய அரசே எழுதி வைத்திருக்கிறது. கேரளத்தில் டயாலிசிஸ் செய்துகொள்ளும் எண்ணூறுக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஓர் ஆய்வில், பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வைத்தியச் செலவால் குடும்பமே குப்புற விழுந்திருந்தது தெரிந்தது. மானியம் கிடைத்தும்தான் இந்த நிலை. ஊசி மருந்து, வண்டி வாடகை, உடன் வருபவரின் கூலி இதெல்லாம் எந்த மானியத்திலும் வராது. கேரளம், கவனியுங்கள், சுகாதாரத்தில் மற்ற மாநிலங்களுக்குப் பாடம் எடுக்கும் கேரளம்.

ஒரு நாள் நம் ஆள் போவதில்லை. இரண்டாம் தடவையும் போவதில்லை. கோவையில் அவருடைய பெயருக்கு நேராக 'வரவில்லை' என்று ஒரு குறிப்பு விழும். படுக்கையில் சேர்த்திருந்த நிலையில் காசு தீர்ந்திருந்தால், டாக்டர் சொல்லியும் கேளாமல் எங்கள் சொந்தப் பொறுப்பில் கூட்டிப் போகிறோம் என்று ஒரு தாளில் மகனிடம் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். அந்தத் தாளைப் படித்தால் அப்பனைக் கொல்லத் துணிந்த மகன் ஒருவன்தான் தெரிவான். பில்லை நீட்டிய கை அதில் தெரியாது. வாரியம் இல்லை, நிபுணர் இல்லை, 48 மணி நேரம் இல்லை. எந்த மாஜிஸ்திரேட்டுக்கும் தகவல் போகவில்லை.

அதே கோவையில் வேறொரு மாடிக்கு வாருங்கள். குளிரூட்டப்பட்ட ஐ.சி.யு., எண்பது வயது தாண்டிய பெரியவர், இதயம் பாதி, நுரையீரல் கால், நினைவு எப்போதாவது. 'இன்னொரு டயாலிசிஸ் போட்டுப் பார்ப்போம்' என்கிறார்கள். அவர் நினைவு தெளிந்திருந்த நாளில் "போதும் கண்ணு, என்னைய ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரு" என்று சொல்லியிருந்தார். மகள் அதை டாக்டரிடம் சொல்லப் பயப்படுகிறாள், சொத்துக்காகச் சொல்கிறாள் என்று அண்ணன் நினைப்பானே. டாக்டர் கேட்கப் பயப்படுகிறார், நாளைக்குக் கேஸ் போட்டால்? கணக்குப் பிரிவுக்கு மட்டும் பயமே கிடையாது. நினைவு தெளிவாக உள்ள எந்த வயது வந்தவரும் எனக்கு இந்தச் சிகிச்சை வேண்டாம் என்று சொல்லலாம், அது தற்கொலையும் அல்ல குற்றமும் அல்ல, அதற்கு எந்த வாரியமும் கூட வேண்டியதில்லை. 2018 தீர்ப்பே இதை ஏற்கிறது. வயதும் தளர்ச்சியும் இதய நோயும் சேர்ந்துவிட்ட சிலருக்கு டயாலிசிஸ் ஆயுளைப் பெரிதாகக் கூட்டுவதில்லை என்பதும், மிஷின் இல்லாமலே மருந்தாலும் கவனிப்பாலும் பார்த்துக்கொள்வது உலகம் ஒப்புக்கொண்ட வைத்தியம் என்பதும் சிறுநீரக மருத்துவர்களுக்குத் தெரியும். தெரிந்ததை நோயாளியிடம் உட்கார்ந்து சொல்ல அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணிக்கு பில்லில் கட்டம் இல்லை.

மிஷினை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்ய ஒரு குழு வெளிப்படையாகவே இருந்த ஊர் உண்டு. அமெரிக்காவில் சியாட்டில். 1960களின் தொடக்கத்தில் மிஷின் கொஞ்சம், நோயாளி நிறைய. ஒரு வக்கீல், ஒரு பாதிரியார், ஒரு பேங்க்காரர், ஒரு குடும்பத்தலைவி, ஓர் அரசு அதிகாரி, ஒரு தொழிற்சங்கத் தலைவர், ஓர் அறுவை மருத்துவர் என ஏழு பேர் உட்கார்ந்து யார் பிழைப்பது என்று தீர்மானித்தார்கள். சர்ச்சுக்குப் போகிறானா, எத்தனை பிள்ளைகள், வருமானம் என்ன என்றெல்லாம் பார்த்தார்கள். 1962ல் லைஃப் பத்திரிகை அதை எழுதிய பிறகு ஊரே காறித் துப்பியது. 1971ல் நோயாளி ஒருவர் நாடாளுமன்றக் குழு முன்னால் மிஷினோடு வந்து டயாலிசிஸ் செய்து காட்டினார். மறு வருஷம் ஏறக்குறைய எல்லோருடைய டயாலிசிஸ் செலவையும் அரசாங்கமே ஏற்றுக்கொள்ளச் சட்டம் வந்தது. வெட்கப்படுவதற்கு அவர்களுக்கு ஏழு பேராவது இருந்தார்கள். நம் குழுவில் யானையும் கூலியும் கம்ப்யூட்டரும் இருப்பதால் வெட்கப்பட ஆளில்லை.

டயாலிசிஸை நிறுத்துவதே பாவம் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்க அங்கத எழுத்தாளர் ஆர்ட் புக்வால்ட் 2006ல் மிஷின் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வாஷிங்டனில் சாகும் தறுவாயில் உள்ளவர்களைப் பராமரிக்கும் இல்லத்தில் போய்ப் படுத்துக்கொண்டார். சில வாரம் என்றார்கள். நண்பர்கள் வரிசையாக விடைபெற வந்தார்கள். மனுஷர் சாகவில்லை, கிட்னி கொஞ்சம் வேலை செய்யத் தொடங்கிவிட்டது. இல்லத்தைக் காலி செய்துவிட்டு வெளியே வந்து அதைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதி, 2007 ஜனவரியில்தான் போய்ச் சேர்ந்தார். அவரிடம் கேட்டார்கள். அவர் முடிவு செய்தார். முடிவு செய்த பிறகு யாரும் அவரை விட்டுவிட்டு ஓடவில்லை. நம் ஆளுக்கு இந்த மூன்றில் ஒன்றும் இல்லை.

மிஷின் நின்ற பிறகு பெரும்பாலோருக்கு ஒரு வாரம், பத்து நாள். சிறுநீர் கொஞ்சம் போய்க்கொண்டிருந்தால் இன்னும் சில நாள். அந்த நாட்கள் எப்படிப் போகும் என்பது பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. கவனிப்பு இருந்தால், அரிப்புக்கும் குமட்டலுக்கும் விக்கலுக்கும் மருந்துண்டு. மூச்சு முட்டாமல் இருக்கக் குறைந்த அளவில் வலிமருந்து கொடுக்கலாம். மார்ஃபினின் கழிவு கிட்னி வழியாகத்தான் வெளியேற வேண்டும் என்பதால் இவர்களுக்கு அதை அளந்து கொடுக்க வேண்டும், ஃபெண்டனில் போன்றவை அதைவிடப் பாதுகாப்பு. கடைசி இரண்டொரு நாள் பெரும்பாலும் தூக்கத்திலேயே போகும். கவனிப்பு இல்லையென்றால், நுரையீரலில் நீர் கோர்த்து, படுக்க முடியாமல், உட்கார்ந்தபடியே சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் தவிப்பார். வீட்டில் உள்ளவர்கள் விசிறுவார்கள். தாகத்தில் கேட்பாரே என்று பாசத்தோடு ஒரு சொம்பு தண்ணீர் கொடுப்பார்கள். அந்தத் தண்ணீரும் நுரையீரலுக்கே போய்ச் சேரும்.

கஷ்டம் என்னவென்றால், இந்தக் கடைசி நாள் கவனிப்பையெல்லாம் இந்தியாவுக்குக் கற்றுக்கொடுத்ததே கேரளம்தான். 1993ல் கோழிக்கோட்டில் எம்.ஆர். ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் நண்பர்களும் வலி நிவாரண, பராமரிப்புச் சங்கத்தைத் தொடங்கினார்கள். 2008ல் கேரள அரசு அதற்கென்றே கொள்கை வகுத்தது, இந்தியாவில் முதல் மாநிலமாக. 2010ல் நாற்பது நாடுகளில் எங்கே நிம்மதியாகச் சாகலாம் என்று ஒரு கணக்கெடுப்பு வந்தது. இந்தியாவுக்கு நாற்பதாம் இடம், அதே அறிக்கை கேரளத்தை மட்டும் தனியாக எடுத்துப் பாராட்டியது. நீமச்சிலும் காஜிப்பூரிலும் அரசாங்கமே அபின் ஆலை நடத்துகிறது, சட்டபூர்வமாக அபின் விளைவித்து ஏற்றுமதி செய்த நாடு இது. ஆனால் 1985ல் வந்த போதைப்பொருள் சட்டத்துக்குப் பயந்து ஆஸ்பத்திரிகள் அபினிலிருந்து கிடைக்கும் மார்ஃபினை வாங்குவதையே விட்டன. 2014ல்தான் சட்டத்தைத் திருத்தி இளக்கினார்கள். அதற்குப் பிறகும் பாலியேட்டிவ் எனும் வலி நிவாரணப் பராமரிப்பு என்றால் புற்றுநோய்க்காரர்களுக்கு என்ற எண்ணம் மாறவில்லை. கிட்னி நோயாளி செத்தால் டாக்டர் பக்கத்தில் சாவார், அல்லது பில் பக்கத்தில். வலிக்கு மருந்து கேட்க அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

தேர்தல் வந்தால் கோவை, பாலக்காடு மாவட்ட அதிகாரிகள் ஒரே மேஜையில் உட்கார்ந்து எல்லைக் கூட்டம் போடுகிறார்கள். 2020ல் கொரோனா வந்தபோது இதே எல்லையில் தடுப்பு வைத்து, பாஸ் கேட்டு, ஆளாளுக்குக் காய்ச்சல் பார்த்து, ஒருவர் தவறாமல் பெயர் எழுதினார்கள். அப்போது சிஸ்டம் வேலை செய்தது. அதே மேஜையில் இன்னொரு முறை உட்காருங்கள். எல்லை ஊர் டயாலிசிஸ் நோயாளிக்கு எந்த மாநிலத்துக் கார்டு இருந்தாலும் பக்கத்து ஆஸ்பத்திரியில் மிஷின் கொடுங்கள், கணக்கை இரண்டு கஜானாவும் பின்னால் தீர்த்துக்கொள்ளட்டும். மறையூர்க்காரருக்கு உடுமலை, குமுளிக்காரருக்குக் கம்பம் என்று இடுக்கிப் பக்கமும் இதே பாடுதான், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாரத்தில் அந்த நாட்களுக்கு ஒரு வண்டி விடுங்கள். மிஷினில் போடுவதற்கு முன்னாலேயே இது என்ன, எத்தனை காலம், வேண்டாமென்றால் என்ன ஆகும் என்று அவருடைய மொழியில் சொல்லுங்கள். நிறுத்த வேண்டும் என்று அவரே சொன்னால், மருந்துப் பையோடு நர்ஸ் ஒருவரை அவர் வீட்டுக்கு அனுப்புங்கள். பள்ளத்துக்கு எந்தப் பக்கத்து நர்ஸாக இருந்தாலும் சரி.

அதுவரைக்கும் ஒரு பொய்யையாவது நிறுத்துங்கள். இவர்களுடைய சாவுக்குக் காரணம் சிறுநீரகச் செயலிழப்பு என்று எழுதுகிறீர்கள். 1960 மார்ச்சில், இன்றைய மிஷின்களோடு பார்த்தால் பொம்மை போன்ற ஒரு கருவியில், சியாட்டிலில் முதன்முதலாகத் தொடர் டயாலிசிஸுக்குப் படுத்த தொழிலாளி கிளைட் ஷீல்ட்ஸுக்கும் அதே செயலிழப்புதான். அவர் அதற்குப் பிறகு 11 வருஷம் வாழ்ந்தார்.